தானாக இயங்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

#1 வளவன்_நிரல்

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே செக்டர் (ஒரு கன்ட்ரோலர் கவனிக்கும் வான்பகுதி), அதற்குள் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 40 விமானங்கள். மனிதக் கன்ட்ரோலர் கிடையாது. விமானங்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் சில வினாடிகளுக்கு ஒருமுறை வரும். மோதல் வாய்ப்பை நிரலே கண்டுபிடித்து, உயரத்தையோ திசையையோ வேகத்தையோ மாற்றச் சொல்லி விமானத்துக்குக் கட்டளை அனுப்பும்.

இப்போதைக்கு நேர்கோட்டில் நீட்டிப் பார்க்கிறேன். இரண்டு விமானங்களும் இதே வேகத்தில், இதே திசையில் போனால் எவ்வளவு நெருங்கும் என்ற கணக்குதான். 40 விமானம் என்றால் 780 ஜோடி, கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் கேள்விகள்: எவ்வளவு நேரம் முன்னால் பார்ப்பது? தீர்வைத் தேர்ந்தெடுக்க விதிகளை எழுதுவதா, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (முயன்று, தவறி, தானே பழகும் நிரல்) போடுவதா? எல்லாம் ஒரே மையக் கணினியில் இருக்கட்டுமா, விமானங்களே தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டுமா?

#2 செக்டர்_பழசு

தம்பி, ஏரியா கன்ட்ரோலில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். நிரல் பக்கம் மற்றவர்கள் சொல்வார்கள். நேரக் கணக்கை நான் சொல்கிறேன்.

ரேடார் பார்வையில் வழித்தடப் பகுதியில் பொதுவாக 5 கடல் மைல் இடைவெளி, விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் 3 கடல் மைல். இல்லாவிட்டால் உயரத்தில் 1000 அடி. இந்த இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும்.

இப்போது 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 960 நாட், அதாவது நிமிடத்துக்கு 16 கடல் மைல் இடைவெளி குறைகிறது. நீண்ட தூர ரேடாரின் ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற 10, 12 வினாடி ஆகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 3 கடல் மைல் போய்விட்டது. இடைவெளி விதியில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

குறுகிய நேர மோதல் எச்சரிக்கை பெரும்பாலும் 2 நிமிடம் முன்னால் பார்க்கும். அதாவது 32 கடல் மைல். கேட்க நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் எச்சரிக்கை வந்து, எந்த ஜோடி என்று பார்த்து, எதைத் திருப்புவது என்று முடிவெடுத்து, ரேடியோவில் வேறு யாராவது பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கட்டளை சொல்லி, பைலட் திருப்பிச் சொல்லி, விமானம் உண்மையில் வளையத் தொடங்குவதற்குள் ஒரு நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். அதனால் 2 நிமிடம் என்பது கடைசிக் கதவு. நாங்கள் வேலை செய்தது 10, 20 நிமிடம் முன்னால். இரண்டும் வேறு வேறு வேலைகள், ஒரே நிரலில் போட்டுக் குழப்பாதீர்கள்.

#3 பிழைவேட்டை

செக்டர் ஐயா சொன்னதன் நிரல் பக்கம் இது.

நேர்கோட்டு நீட்டல் 2 நிமிடத்துக்குப் போதும். 20 நிமிடத்துக்கு அது வெறும் ஊகம். காற்றின் கணிப்பு 10 நாட் தவறினால் 20 நிமிடத்தில் 3.3 கடல் மைல் பிசகு. இது கூடப் பரவாயில்லை. மேலே ஏறும் விமானத்தை எடுங்கள். நிமிடத்துக்கு 1500 அடியில் ஏறுமா, 2500 அடியில் ஏறுமா என்பது அதன் எடையையும் நிறுவனம் விரும்பும் ஏறு வேகத்தையும் பொறுத்தது. அந்த எடை தரைக்கு வழக்கமாக வருவதில்லை. 5 நிமிடம் கழித்து அது 7500 அடி ஏறியிருக்கலாம், 12500 அடியும் ஏறியிருக்கலாம். நடுவே 5000 அடி வித்தியாசம், ஐந்து அடுக்கு விமானங்கள் அதற்குள் இருக்கலாம். ஏறும் விமானத்துக்கு ஒரு கோடு வரைந்தால் அது பொய். விசிறி போல விரியும் ஒரு பகுதியைத்தான் வரைய முடியும். ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலின் பாடா என்ற விமானச் செயல்திறன் மாதிரி இந்த விசிறியைக் கொஞ்சம் ஒடுக்க உதவும்.

அடுத்தது நோக்கம். விமானம் இன்னும் 4 நிமிடத்தில் ஒரு வேபாயிண்டில் (பாதையில் குறித்த புள்ளியில்) இடப்பக்கம் திரும்பப் போகிறது என்பது பிளைட் பிளானில் (முன்கூட்டிக் கொடுத்த பயணத் திட்டத்தில்) இருக்கிறது, ரேடாரில் இல்லை. 33000 அடியில் நின்றுவிடும்படி அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் ரேடாருக்குத் தெரியாது. நோக்கத்தைச் சேர்க்காவிட்டால் தேவையில்லாத எச்சரிக்கைகள் கொட்டும். நோக்கத்தை மட்டும் நம்பினால், பைலட் தவறாகக் கேட்டு 34000 அடிக்கு ஏறும்போது நிரல் நிம்மதியாக இருக்கும். அதனால் திட்டமிடும் அடுக்குக்கு நோக்கத்தைச் சேர்த்த கணிப்பு, கடைசிக் கதவுக்கு நேர்கோட்டு நீட்டல். இரண்டும் ஒன்றையொன்று நம்பாமல் ஓட வேண்டும்.

பிரிட்டனின் ஸ்வான்விக் மையத்தில் 2011 முதல் ஓடும் ஐஃபேக்ட்ஸ் என்ற கணிப்பு அமைப்பு அதிகபட்சம் 18 நிமிடம் முன்னால் பார்க்கிறது. ஸ்பார்க் அடா என்ற நிரல்மொழியில் எழுதியது. அதுவும் முடிவெடுப்பதில்லை, கன்ட்ரோலருக்குக் காட்டுவதோடு சரி.

#4 நிகர்நிலை

எல்லோரும் பழைய பாணியிலேயே யோசிக்கிறீர்கள். டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட புளூஸ்கை சிமுலேட்டர் இலவசம். அதில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் ஏஜென்ட்டை (முடிவெடுக்கும் நிரலை) பழக்கினால் 40 என்ன, 200 விமானத்தையும் இடைவெளி குறையாமல் ஓட்டும். மனிதர் ஒரு செக்டரில் பதினைந்து இருபதுக்கு மேல் தாங்க மாட்டார். இங்கே பலவீனமான கண்ணி மனிதர்தான்.

ஆதாரம் வேண்டுமா? 2002 ஜூலை 1, யூபர்லிங்கன், நடுவானில் இரண்டு விமானங்கள் மோதின. டிகாஸ் (விமானத்திலேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி) சரியாகச் சொன்னது, கன்ட்ரோலர் தவறாகச் சொன்னார், 71 பேர் இறந்தார்கள்.

#5 செக்டர்_பழசு

அந்த விபத்தை இவ்வளவு சுருக்கிச் சொல்லாதீர்கள், நிகர்நிலை.

ஜெர்மனி வான்வெளி, ஆனால் கட்டுப்பாடு சுவிட்சர்லாந்தின் ஜூரிச் மையத்திடம். அன்றிரவு பணியில் ஒரே ஒருவர், இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டு. பராமரிப்பு வேலைக்காக முதன்மை அமைப்பை இறக்கியிருந்தார்கள். அதனால் திரையில் தெரிய வேண்டிய மோதல் எச்சரிக்கை இல்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் அதே வேலைக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பக்கத்து மையமான கார்ல்ஸ்ரூவில் இருந்தவர்கள் மோதலைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டு அழைத்துக்கொண்டே இருந்தார்கள், கிடைக்கவில்லை.

இரண்டும் 36000 அடியில். கன்ட்ரோலர் டுபோலெவ் விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார், அதுவும் இறங்கத் தொடங்கியது. அதே வேளையில் அதன் டிகாஸ் மேலே ஏறச் சொன்னது. எதிரே வந்த போயிங் 757இன் டிகாஸ் கீழே இறங்கச் சொன்னது, அந்த பைலட்டுகள் இறங்கினார்கள். அது கன்ட்ரோலருக்குத் தெரியாது. டிகாஸ் விமானங்களுக்குள் பேசிக்கொள்ளுமே தவிர, தரையில் இருப்பவர் திரையில் ஒன்றும் காட்டாது.

இதில் மனிதர் எங்கே பலவீனமானார்? அமைப்பை ஒவ்வொன்றாக அணைத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஒருவர் தலையில் கட்டினார்கள். அமைப்பு இறங்குமுகத்தில் இருக்கும்போது வேலையைக் குறைக்க வேண்டுமென்ற ஏற்பாடு எங்கும் இல்லை. வளவன், உங்கள் வடிவமைப்பில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

#6 வலது_இருக்கை

துணை விமானி. டிகாஸ் பற்றி இரண்டு வார்த்தை.

யூபர்லிங்கனுக்கு முந்தைய வருடமே, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் இதே மாதிரி நெருங்கின. அங்கேயும் ஒரு விமானத்துக்கு டிகாஸ் ஏறச் சொன்னது, கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார், கேப்டன் இறங்கினார். மயிரிழையில் தப்பினார்கள். விமானத்துக்குள் நூறு பேர் வரை காயம்.

இன்று எங்களுக்கு விதி தெளிவு: டிகாஸ் கட்டளை வந்துவிட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும், கன்ட்ரோலர் எதிராகச் சொன்னாலும். ரேடியோவில் அதைச் சொன்னதும் அவரும் எங்களுக்குக் கட்டளை கொடுப்பதை நிறுத்த வேண்டும். கட்டளை வருவது நெருங்கும் புள்ளிக்கு 15 முதல் 35 வினாடி முன்னால்தான். யோசிக்க நேரமில்லை, கை பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. டிகாஸின் 7.1 பதிப்பில் ஒரு கட்டளையின் சொற்களையே மாற்றினார்கள். முன்பு "செங்குத்து வேகத்தைச் சரிசெய்" என்று வரும். சில பைலட்டுகள் அதை எதிர்த்திசையில் சரிசெய்தார்கள். இப்போது "சமநிலைக்கு வா" என்று வருகிறது, குழப்பமில்லை. உங்கள் நிரல் கட்டளை அனுப்பும்போது, கேட்பவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

#7 நிகர்நிலை

ஆக இரண்டு நிகழ்விலும் இயந்திரம்தான் சரி. என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

#8 பிழைவேட்டை

டிகாஸ் சரியாக இருந்ததற்குக் காரணம் அது சிறியது என்பதுதான். பிளைட் பிளான் தெரியாது, வானிலை தெரியாது, விமான நிலையம் எதுவென்று தெரியாது. எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டருடன் (அடையாளமும் உயரமும் அனுப்பும் கருவி) நேரடியாகப் பேசுகிறது, ஏறு இறங்கு என்ற ஒரே திசையில் மட்டும் தீர்க்கிறது. இரண்டு விமானங்களும் ஒரே நேரத்தில் "நான் ஏறுகிறேன்" என்று தீர்மானித்துவிட்டால்கூட, 24 பிட் மோட் எஸ் முகவரி (ஒவ்வொரு விமானத்தின் டிரான்ஸ்பாண்டருக்கும் உள்ள தனி எண்) எதற்குப் பெரியதோ அது திசையை மாற்றிக்கொள்ளும். அவ்வளவு எளிய விதி. தரையில் உள்ள கணினி மொத்தமும் படுத்துவிட்டாலும் அது வேலை செய்யும்.

வளவனின் மூன்றாவது கேள்விக்குப் பதிலும் இதுவே. திட்டமிடல் மையத்தில் இருக்கட்டும். 40 விமானங்களையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை அங்கேதான் கிடைக்கும். கடைசி அரை நிமிடம் விமானத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் தகவல் மூலமும் நிரலும் வேறாக இருக்க வேண்டும். கட்டளைகள் முரண்பட்டால் யார் சொல்வது செல்லும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு அதிகாரங்கள் மோதும்போது என்ன செய்வது என்று எழுதி வைக்காமல் விட்டதை யூபர்லிங்கன் அம்பலப்படுத்தியது. மனிதருக்குப் பதில் உங்கள் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தாலும் அதே ஓட்டை இருந்திருக்கும்.

முழுத் தானியங்கி என்பது புதுக் கனவும் இல்லை. அமெரிக்காவில் 1980களிலேயே கணினியே அனுமதி கொடுக்கும் ஏரா திட்டம் பேசப்பட்டது. அதைச் சுமக்க வேண்டிய ஏஏஎஸ் என்ற பெரும் திட்டம் பல நூறு கோடி டாலரை விழுங்கி, 1994இல் அந்த வடிவில் கைவிடப்பட்டது.

#9 மேகக்குறிப்பு

ஒரு சின்னச் சந்தேகம். எச்சரிக்கையை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே? வரம்பைத் தாராளமாக வைத்துவிட்டால் போகிறது. தேவையில்லாத எச்சரிக்கை வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

#10 செக்டர்_பழசு

மேகக்குறிப்பு, இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1997 ஆகஸ்ட் 6, குவாம் தீவு. கொரியன் ஏர் 801 ஓடுபாதைக்குச் சில மைல் முன்பே குன்றில் இறங்கியது. 228 பேர் இறந்தார்கள். விமானம் தரைக்கு ஆபத்தான உயரத்தில் வந்தால் கன்ட்ரோலரை எச்சரிக்கும் அமைப்பு குவாமில் இருந்தது. ஆனால் தேவையில்லாத எச்சரிக்கைகள் தொல்லை கொடுத்ததால், ரேடாரைச் சுற்றி 54 கடல் மைலுக்குள் எச்சரிக்கை வராதபடி மாற்றி வைத்திருந்தார்கள். அமைப்பு பார்த்ததே 55 கடல் மைல் வரைதான். மிஞ்சியது ஒரு மைல் அகல வளையம்! எங்கே தேவையோ அங்கே அது இல்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தொல்லை தாங்காமல் ஒருவர் அளவை மாற்றுகிறார், அப்புறம் வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே வரம்பைத் தாராளமாக வைப்பவர், ஒருநாள் யாரோ அதை அணைத்துவிடுவார் என்றும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா. ஓடுபாதையில் கடலோரக் காவல்படை விமானம் நின்றுகொண்டிருந்தது, அதன் மேல் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் இறங்கியது. ஓடுபாதையில் யாரோ இருக்கிறார்கள் என்று திரையில் நிறம் மாறிக் காட்டும் வசதி வேலை செய்தது. கன்ட்ரோலர் கவனிக்கவில்லை. அவர் பார்வை திரையில் இல்லாத நேரத்தில் திரை என்ன நிறம் மாறி என்ன பயன்? எச்சரிக்கையை உருவாக்குவது பாதி வேலை. மற்ற பாதி, அது யாரை எந்த வேலைக்கு நடுவில் போய்ச் சேருகிறது என்பது.

#11 வளவன்_நிரல்

எல்லோருக்கும் நன்றி, நிறையப் படிக்க இருக்கிறது. ஆனால் என் மாதிரியில் கன்ட்ரோலரே இல்லை. அதனால் எச்சரிக்கைப் பிரச்சினை எனக்கு வராது என்று நினைக்கிறேன். நிரலே கண்டுபிடித்து நிரலே தீர்க்கும்.

#12 பிழைவேட்டை

வரும், வேறு உருவத்தில். நிரல் ஒன்றைப் புரிந்துகொள்ள முடியாமல் நிற்கும்போது என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். வான்கட்டுப்பாட்டுக் கணினிகள் பெரிய அளவில் விழுந்த கதைகளில் மோதல் அல்காரிதம் தவறாகக் கணக்குப் போட்டது அபூர்வம். நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த நான்கு.

2004 செப்டம்பர் 14, லாஸ் ஏஞ்சல்ஸ் வழித்தட மையம். ரேடியோ குரல் அமைப்பின் உள்ளே 32 பிட் மில்லிவினாடி எண்ணி ஒன்று. அது 49.7 நாளில் தீர்ந்துவிடும். அதனால் 30 நாளுக்கு ஒருமுறை கையால் மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று நடைமுறை வைத்திருந்தார்கள். ஒருமுறை விட்டுப்போனது. நூற்றுக்கணக்கான விமானங்களுடன் பேச முடியவில்லை, மாற்று அமைப்பும் நிலைக்கவில்லை. பிழை என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தாமல் ஒரு மனிதரின் நாட்காட்டியில் எழுதி வைத்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது.

2014 ஏப்ரல் 30, அதே மையம். யு-2 உளவு விமானம் ஒன்றின் பிளைட் பிளான். வழித்தடம் சிக்கலானது, அதன் உயரத் தகவல் நிரலுக்கு விளங்கும்படி இல்லை. மையத்தின் ஈராம் என்ற கணினி அமைப்பு, இருக்கக்கூடிய எல்லா உயரத்திலும் அதன் பாதையை மற்ற விமானங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பியது. நினைவகம் தீர்ந்தது, மறுதொடக்கமாகியது, திரும்ப அதே பிளான் கைக்கு வந்தது. வளவன், "780 ஜோடி ஒரு பொருட்டே இல்லை" என்று எழுதினீர்களே, ஒரே ஒரு விமானத்தின் ஒரே ஒரு காலியிடம் அந்தக் கணக்கை ஊதிப் பெருக்கிவிடும். நேர வரம்பும் நினைவக வரம்பும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக வையுங்கள்.

2014 டிசம்பர் 12, ஸ்வான்விக். ஓர் அமைப்பில் ஒரே நேரத்தில் 193 பணிநிலை இணைப்புகள் வரை அனுமதி. நிரலின் ஒரு மூலையில் மட்டும் அந்த எல்லை 151 என்று எழுதியிருந்தது. அன்று 153 ஆனது. முதன்மை விழுந்தது, மாற்றும் அதே காரணத்துக்காக விழுந்தது.

கடைசியாக 2023 ஆகஸ்ட் 28, மறுபடி பிரிட்டன். இதை மெதுவாகச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸ் ஓர்லி போகும் ஒரு விமானம், வழியில் பிரிட்டன் வான்வெளியைக் கடக்கிறது. அதன் பாதையில் டிவிஎல் என்ற பெயரில் இரண்டு புள்ளிகள்: ஒன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்ஸில் டோவில். பிளைட் பிளான்களைப் பிரித்தெடுக்கும் நிரலின் வேலை, பிரிட்டனுக்குள் நுழையும் புள்ளிக்கும் வெளியேறும் புள்ளிக்கும் இடைப்பட்ட பகுதியை வெட்டி எடுப்பது. வெளியேறும் இடத்தைத் தேடியபோது டகோட்டா டிவிஎல் கையில் மாட்டியது. நுழைவதற்கு முன்பே வெளியேறிவிட்டதாக ஆகிறது, அப்படி ஒரு பாதை இருக்க முடியாது. நிரல் என்ன செய்தது? தவறான தகவலைக் கன்ட்ரோலருக்கு அனுப்பிவிடக் கூடாது என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பான முடிவு மாதிரிதான் தெரியும். உடனே மாற்றுக் கணினி எழுந்தது. வரிசையில் முதலில் நின்றது அதே பிளான். அதே நிரல், அதே முடிவு. இரண்டும் விழ 20 வினாடிகூட ஆகவில்லை.

கையிருப்பில் நான்கு மணி நேரத் தகவல் இருந்தது. அதற்குள் மீட்க முடியவில்லை. பொறுப்புப் பொறியாளர் வீட்டிலிருந்து நேரில் வர வேண்டியிருந்தது. பிளான்களைக் கையால் உள்ளிடத் தொடங்கியதும் விமானங்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஏழு லட்சம் பயணிகளுக்கு மேல் பாதிப்பு என்று பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை சொன்னது. புரியாத அந்த ஒரு பிளானை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால், ஒரு கன்ட்ரோலருக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும்.

ஒரே நிரலை இரண்டு கணினியில் ஓட்டினால் வன்பொருள் பழுதிலிருந்து மட்டும்தான் காப்பு.

#13 மேகக்குறிப்பு

இதெல்லாம் சரியாக டெஸ்ட் செய்யாத கதை. அவ்வளவுதானே?

#14 பிழைவேட்டை

அந்தப் பிரிட்டன் நிரல் 2018இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பிளான்களைப் பார்த்திருக்கும். நுழையும் புள்ளி, வெளியேறும் புள்ளி, இரட்டைப் பெயர், அவை இருக்கும் வரிசை என்று இவ்வளவும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அதை முன்கூட்டி யோசித்து டெஸ்ட் எழுதியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் யோசிக்காத அடுத்த ஒன்று எப்போதும் இருக்கும். அது வரும்போது சேதம் ஒரு விமானத்தோடு நிற்கிறதா, நாடு முழுக்கப் பரவுகிறதா என்பது வடிவமைப்பில் தீர்மானமாவது, டெஸ்டில் இல்லை.

தரை அமைப்புகளுக்கான டிஓ-278ஏ தரநிலை ஆறு நம்பக நிலைகளைப் பிரிக்கிறது. அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், வளவன்.

#15 வளவன்_நிரல்

சரி, வடிவமைப்பை மாற்றுகிறேன். மூன்று அடுக்கு: 15 நிமிடத் திட்டமிடல், 2 நிமிட நேர்கோட்டுக் காவல், விமானத்தில் டிகாஸ் மாதிரி ஒன்று. உள்ளே வரும் ஒவ்வொரு பிளானும் தனிப் பெட்டியில் பிரிக்கப்படும். புரியாவிட்டால் அந்த விமானத்துக்கு மட்டும் "நோக்கம் தெரியாது" என்ற முத்திரை, அதைச் சுற்றி அகலமான இடைவெளி.

அப்புறம், திட்டமிடல் அடுக்கு மொத்தமாக நின்றால் ஒரு மனிதர் ஏற்றுக்கொள்வார் என்று போட்டிருக்கிறேன். இதில் மட்டும் செக்டர் ஐயாவின் கருத்து வேண்டும்.

#16 செக்டர்_பழசு

அந்த ஒரு வரியில்தான் எனக்குப் பிரச்சினை.

பணி மாறும்போது நாங்கள் எப்படிப் பொறுப்பேற்போம் தெரியுமா? வந்தவர் முதலில் பின்னால் நின்று பார்ப்பார். எது எங்கே போகிறது, எதற்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறது, எந்த ஜோடி இன்னும் தீரவில்லை, எந்த பைலட் பதில் சொல்லத் தாமதிக்கிறார் என்பது மண்டையில் ஏற வேண்டும். அந்தப் படம் உருவாகச் சில நிமிடங்கள் ஆகும், அதுவும் தினமும் அதே செக்டரில் வேலை செய்பவருக்கு. உங்கள் மனிதர் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர். 40 விமானத்தைத் திடீரென்று அவர் மடியில் போட்டால், முதல் மோதல் அவர் படம் உருவாவதற்கு முன்பே வந்துவிடும். மனிதர் கையாளக்கூடியது பதினைந்து இருபது என்றால், இயந்திரம் நன்றாக ஓடும்போது 40ஐ உள்ளே விட உங்களுக்கு என்ன உரிமை?

இதற்கு இரண்டு வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒன்று, விழுந்தால் மனிதர் தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் எப்போதும் விடாதீர்கள். அப்போது தானியங்கி எதற்கு என்று நிகர்நிலை கேட்பார், நியாயம்தான். இரண்டாவது, இயந்திரம் எந்த நொடியில் நின்றாலும் அடுத்த 10, 15 நிமிடத்துக்குக் கட்டளையே இல்லாமல் எல்லோரும் பத்திரமாகப் பறக்கும்படி திட்டம் போடுங்கள். அதாவது கொடுத்த அனுமதிகளே அந்த நேரம்வரை மோதல் இல்லாதவையாக இருக்க வேண்டும். "இப்போது இதே திசையில் ஏறு, 6 நிமிடம் கழித்து நான் நிறுத்துகிறேன்" என்ற வகைக் கட்டளை கூடாது. அந்த 6ஆவது நிமிடத்தில் நீங்கள் உயிரோடு இல்லை என்றால்? நிறுத்த வேண்டிய உயரத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். நாங்கள் பழகியதும் அப்படித்தான்: ரேடியோ செத்தாலும் விமானம் கடைசியாகப் பெற்ற அனுமதியில் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

#17 நிகர்நிலை

இரண்டாவது வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அப்படியே கட்டுப்பாட்டு நிபந்தனையாக எழுதலாம். ஏஜென்ட் எந்தக் கட்டளையைப் பரிந்துரைத்தாலும், "இதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 15 நிமிடம் இடைவெளி நிற்குமா?" என்று ஒரு சிறிய, நிரூபிக்கக்கூடிய சரிபார்ப்பு நிரல் பார்க்கட்டும். நிற்காது என்றால் கட்டளை வெளியே போகாது. கற்றுக்கொண்ட பகுதி புத்திசாலியாக இருக்கட்டும், அதிகாரம் சிறிய நிரலிடம் இருக்கட்டும்.

கற்றுக்கொண்ட பகுதியே கூடாது என்ற பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிகாஸின் அடுத்த தலைமுறையான அகாஸ் எக்ஸ், எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் நிகழ்தகவு மாதிரியை வைத்துக் கணினியே முன்கூட்டித் தீர்த்த அட்டவணைகளில் ஓடுவது. அதன் ஆளில்லா விமான வகைக்கான அட்டவணையை 45 சிறிய நியூரல் நெட்வொர்க்குகளாகச் சுருக்கி, அவற்றின் சில பண்புகளைக் கணித முறையில் சரிபார்த்துக் காட்டிய ஆய்வு 2017இல் வந்தது.

#18 பிழைவேட்டை

அந்தச் சரிபார்ப்பு நிரல் ஏறும் விமானத்துக்கு விசிறியைத்தான் பார்க்க வேண்டும், கோட்டை அல்ல. 15 நிமிடத்தில் விசிறி பெரிதாகி, பாதிக் கட்டளைகளை மறுத்துவிடும். கொள்ளளவு குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து எழுதினாலே, வளவன், உங்கள் அறிக்கையின் நல்ல அத்தியாயம் அதுதான்.

#19 வலது_இருக்கை

கட்டளை எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லையே. டேட்டாலிங்க் (குரலுக்குப் பதில் எழுத்தாக வரும்) செய்தி என்றால் காக்பிட்டில் மணியடித்து, இருவரும் படித்து, ஒப்புக்கொண்டு, பொத்தானை அழுத்த அரை நிமிடம், சில வேளை அதற்கும் மேல். இறங்கும் தறுவாயில் கை நிறைய வேலை இருக்கும்போது இன்னும் தாமதமாகும். "முடியாது" என்று பதில் வரும் என்பதையும் மறக்காதீர்கள். எதிரே இடிமேகம் இருந்தால் உங்கள் நிரல் சொன்னது என்பதற்காக நான் அதற்குள் திரும்ப மாட்டேன். மேகத்தைச் சுற்றி எல்லோரும் ஒரே பக்கம் விலகக் கேட்கும்போது உங்கள் 15 நிமிடத் திட்டம் மொத்தமும் கலையும்.

#20 வளவன்_நிரல்

பைலட் மறுக்கலாம் என்பதை மாதிரியில் சேர்க்கவே இல்லை. இப்போது எல்லாக் கட்டளைக்கும் உடனே ஒப்புதல் வருவதாகத்தான் இருக்கிறது. பதில் தாமதத்தை ஒரு நிகழ்தகவுப் பரவலிலிருந்து எடுக்கிறேன், மறுப்பையும் சேர்க்கிறேன். ஒப்புதல் வரும்வரை சரிபார்ப்பு நிரல் பழைய அனுமதி, புது அனுமதி இரண்டையும் உயிருள்ளதாக வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையா?

#21 பிழைவேட்டை

ஆமாம், இரண்டையும். மூன்றாவது ஒன்றையும் சேருங்கள்: பைலட் ஒப்புக்கொண்டுவிட்டு வேறு உயரத்தை டயல் செய்வது. மோட் எஸ் வழியாக அவர் தேர்ந்தெடுத்த உயரம் பல விமானங்களிலிருந்து தரைக்கு வருகிறது. கொடுத்த அனுமதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், விமானம் தவறான உயரத்தைத் தாண்டுவதற்கு முன்பே பிடித்துவிடலாம். நிரலாக எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. முதலில் இதை எழுதுங்கள், ஏஜென்ட்டை அப்புறம் பார்க்கலாம்.